திறப்பைத் திருகியும் உறங்கும் வண்டி

வாகன இறக்குமதி 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டமையால், இருபது முப்பது வருஷம் உழைத்த வேன்களையே பழுது பார்த்துப் பார்த்து ஓட்டும் நிர்ப்பந்தம் இலங்கையில் பலருக்கும் நேர்ந்தது. ஆயினும், கடலும் களப்பும் சூழ்ந்த பொத்துவிலில், நள்ளிரவில் ஒரு நோயாளியைக் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய வேளையிலோ, யானை நடமாடும் லாகுகலைக் காட்டை ஊடறுத்து மொனராகலைக்குப் போகும் வீதியிலோ, நேற்று ஒழுங்காகக் கிளம்பிய வண்டி இன்று மௌனம் சாதிக்குமாயின், அதனை வெறும் அசௌகரியம் என்று சொல்லி ஆறுதல் கொள்ள முடியாது.

எங்கள் வீட்டு வேனுக்கும் இந்த நோய் வந்தது. வாசலில் நின்று மறுக்கும். தள்ளிக்கொண்டு கராஜுக்குப் போனதும் முதல் திருகலிலேயே உறுமும். இவ்வாறு வந்துபோகும் பழுதை, அது இல்லாத வேளையில் பார்த்து அனுமானித்தே எங்களுக்கு இரண்டு பற்றறிகளும் ஒரு ஸ்டார்ட்டரும் மாற்றப்பட்டன. ஈற்றில், எஞ்சினையும் பொடியையும் இணைக்கும் எர்த் வயரின் நுனியில் உப்புக்காற்று படியவைத்த பச்சைக் களிம்பே காரணம் என்று தெரிந்தபோது, அதனைச் சுரண்டித் துடைத்து இறுக்குவதற்குப் பத்து நிமிஷம்கூடச் செல்லவில்லை.

ஆகவே வண்டி மறுக்கும் அந்தக் கணத்திலேயே செவியைத் தீட்டிக்கொள்ள வேண்டும். திறப்பைத் திருகும்போது லைட் மங்கினால் பற்றறியையும் அதன் முனைகளையும், லைட் பிரகாசமாகவே இருக்க 'டக்' என்ற ஒலி மாத்திரம் எழுந்தால் ஸ்டார்ட்டரின் சொலினொயிட்டையும் தேய்ந்த பிரஷ்களையும், எஞ்சின் சுற்றியும் பற்றாமல் போனால் எரிபொருள் பம்ப்பையும் அதன் றிலேயையும் முதலில் சந்தேகிக்கலாம். சூடாக இருக்கையில் மட்டும் மறுத்து, ஆறியதும் பற்றுமாயின், ஏதாவதொரு சென்சரும் காரணமாகலாம். ஓய்ந்திருக்கும் நல்ல பற்றறி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட்டர் சுற்றுகையில் 9.6க்குக் கீழே விழுவது பலவீனத்தின் அறிகுறி. எஞ்சின் ஓடுகையில் பெரும்பாலும் 13.8க்கும் 14.4க்கும் இடையில் நிற்க வேண்டும். பற்றறியின் மைனஸ் முனைக்கும் எஞ்சினின் வெற்று உலோகத்துக்கும் இடையே வோல்ட் மீட்டரைப் பிடித்து, மற்றொருவர் திறப்பைத் திருகுகையில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுமாயின், எர்த் பாதையிலே தடை உண்டு. எங்கள் வேனுக்கு இந்த ஒரு பரீட்சையை முதல் நாளே செய்திருந்தால் போதுமாயிருந்தது.

அவசரத்தில் ஸ்டார்ட்டர் முனைகளை ஸ்குரூ டிரைவரால் இணைத்துக் கிளப்புவோரைக் கண்டிருக்கிறேன். கியரில் கிடக்கும் வண்டி அவர்கள்மீதே பாயக்கூடும். பற்றறியிலிருந்து எழும் ஹைட்ரஜன் ஒரு பொறியில் வெடிக்கும் என்பதனால், அருகில் சிகரெட் கூடாது. வேறு வண்டியிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது கடைசி மைனஸ் கவ்வியைப் பற்றறிக்குத் தூரமான எஞ்சின் உலோகத்திலேயே பிடிக்க வேண்டும்.

பழுது பார்ப்பவரிடம் வேலை தொடங்குமுன்னரே, என்ன பரீட்சை செய்து இந்தப் பாகத்தைக் குற்றவாளி என்று கண்டீர்கள் என்று கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைத் திருப்பித் தரும்படியும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும் என்பதையும், அதற்கு இடப்படும் பொருள் தன் நோக்கத்துக்குத் தகுந்ததாயிருக்கும் என்பதையும், எழுதப்படாத உத்தரவாதமாகவே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுகிறது. முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. சிறு தொகைப் பிணக்கை மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்கவும் வழியுண்டு.

எங்கள் இரண்டாவது பற்றறிக்கு நாங்கள் பில் கேட்டு வாங்கவில்லை. தேதியுமில்லை, தொகைக்குச் சாட்சியுமில்லை. முறைப்பாட்டுக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது முதல் வரிக்கு மேல் எழுத எங்களிடம் ஒன்றுமே இருக்கவில்லை.