வெயிலுக்கும் ஒரு கணக்கு

(வானொலிப் பேச்சு)



"சோலார் மோட்டார் போட்டாச்சுங்க சார், இனித் தண்ணிக்குக் கவலை இல்லே" என்று கொங்குப் பக்கத்து விவசாயி ஒருவர் வைகாசியில் என்னிடம் சொன்னார். 5 எச்.பி. மோட்டார், கிணற்றில் 100 அடியில் தண்ணீர். அதை நம்பி 4 ஏக்கரில் சின்ன வெங்காயம் நட்டார். ஆடியில் ஒரு வாரம் தொடர்ந்து மேகம்; மழையோ தூறலோடு சரி. தண்ணீர் 2 ஏக்கருக்குத்தான் எட்டியது. மீதியில் காய் சிறுத்துப் போச்சு. மோட்டாரில் பழுது இல்லை, கணக்கில்தான் பிசகு.

அந்தக் கணக்கு என்ன? பேனலின் பின்புறம் இத்தனை வாட் என்று எழுதியிருக்கும். அது சோதனைச் சாலையில் அளந்தது. ஒரு சதுர மீட்டரில் 1,000 வாட் வெளிச்சம், பேனலின் சூடு 25 டிகிரி என்று வைத்து அளப்பார்கள். நம் வயலில் அந்த வெளிச்சம் உச்சி வேளையை ஒட்டித்தான் கிடைக்கும். கோடையில் பேனல் 60 டிகிரிகூடச் சுடும். 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்குச் சுமார் 0.4 பங்கு மின்சாரம் குறையும். வெயில் ஏற ஏறத் தண்ணீர் கூடும். சூடு ஏறினால் குறையும்!

காலை முதல் மாலை வரை விழும் வெளிச்சத்தைத் திரட்டினால், நம் மாநிலத்தில் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமம். 4,800 வாட் பேனலுக்கு 5 மணி என்றால் 24 யூனிட். சூடு, தூசி, ஒயர் இவற்றில் கால் பங்கு போக 18. மோட்டாரும் பம்பும் பாதியைத் தின்றுவிடும், மிச்சம் 9. ஒரு யூனிட் சுமார் 12,000 லிட்டரை 100 அடி தூக்கும். ஆக 1,08,000 லிட்டர். ஏறக்குறைய ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் தண்ணீர். ஐந்து நாளுக்கொரு பாசனம் என்றால் 5 ஏக்கர் பாயும்.

கருமேகம் மூடிய நாளில் 2 மணிதான் தேறும் என்று வையுங்கள். 43,000 லிட்டர்தான். ஐந்து நாளில் 2 ஏக்கர். நம் நண்பருக்கு நேர்ந்தது இதுதான். ஆகவே எத்தனை ஏக்கர் நடலாம் என்பதை நல்ல நாளை வைத்து முடிவு செய்யாதீங்க. மேக நாளை வைத்துச் செய்யுங்க.

அடுத்து, முன்னறிவிப்பு. வேளாண் வானிலை அறிவிப்பில், வானத்தை 8 பங்காக்கி அதில் எத்தனை பங்கு மேகம் என்று வரும் ஐந்து நாளுக்குச் சொல்கிறார்கள். 7, 8 என்று கண்டால், வெயில் இருக்கும்போதே பாசனத்தை முடித்துத் தொட்டியையும் நிரப்பிக்கணும். ஒரு எச்சரிக்கை: அது மேகத்தின் பரப்பு, கனம் அல்ல. உயரத்தில் பஞ்சு போலப் பரவிய வெண்மேகம் வெளிச்சத்தை ஓரளவு விடும்; தாழ்ந்த கருமேகம் விடாது. நாளைய அறிவிப்பை நம்பி வேலை செய்யலாம். ஐந்தாம் நாளைய அறிவிப்பு ஒரு குறிப்புதான்.

பேனலில் மர நிழல் விழவிடாதீங்க. தூசியைக் காலை வேளையிலே கழுவுங்க. தொட்டி நிரம்ப எத்தனை மணி ஆச்சு என்று தினமும் நோட்டில் எழுதி வையுங்க. ஓராண்டுக் குறிப்பு இருந்தால், உங்கள் வயலுக்கு அதைவிட நல்ல கணக்கு வேறில்லை.

வரும் ஆடிப் பயிருக்கு நாற்று விடும் முன், இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்க.