கேட்க ஆள் இல்லாத நேரம்

திருவானைக்காவலிலும் ஸ்ரீரங்கத்திலும் ஓய்வூதியத்தில் நடக்கும் வீடுகள் ஏராளம். பெல் ஆலை, பொன்மலை ரயில்வே பணிமனை, வங்கி, பள்ளிக்கூடம் என்று ஆயுளின் பாதியை வேலையில் கழித்தவர்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி பணம் ஒன்றிரண்டு வங்கிகளில் டெபாசிட்டாகக் கிடக்கும். இப்படி ஒரு வீட்டுக்கு முற்பகலில், பெரியவர் தனியாக இருக்கும்போது அழைப்பு வருகிறது: "உங்கள் பெயரில் அனுப்பிய பார்சலில் போதைப்பொருள் சிக்கியிருக்கிறது. மும்பை போலீஸ் பேசுகிறோம்." அடுத்து வீடியோ அழைப்பு, காக்கிச் சட்டை, கைது வாரண்ட். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று இன்று எல்லோருக்கும் தெரிந்துவிட்ட மோசடி இதுதான்.

பணம் போன பிறகு உறவுகள் கேட்பது ஒன்றே: "இவ்வளவு படித்தவர் எப்படி ஏமாந்தார்?" படிப்பு இதில் பெரிய காவல் அல்ல. லூதியானாவின் வர்த்மான் ஜவுளிக் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் பத்ம பூஷண் பெற்றவர். 2024 ஆகஸ்டில், தமது 82ஆம் வயதில், 7 கோடி ரூபாயை இழந்தார். சி.பி.ஐ. அதிகாரிகள் என்று பேசியவர்கள் அவரை ஸ்கைப் கேமராவின் முன்னாலேயே இருக்கச் செய்தார்கள். உச்ச நீதிமன்ற விசாரணை என்று ஒன்றையும் நடத்திக் காட்டினார்கள். அதில் அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட்டின் பெயரில் ஒருவன் பேசினான். பெரிய நிறுவனத்தைக் கட்டி நடத்தியவரே நம்பினார் என்றால், ஆராய வேண்டியது ஏமாந்தவரின் புத்தியை அல்ல, அவரை அவர்கள் எந்த நிலைக்குக் கொண்டுபோனார்கள் என்பதை.

முதலில் அதிகாரம். அரசு வேலையில் இருந்தவர் மேலிடத்து உத்தரவுக்கும் முத்திரை குத்திய தாளுக்கும் மரியாதை கொடுத்தே வாழ்ந்தவர். நோட்டீஸ் வந்தால் பதில் சொல்வது அவருக்குக் கடமை. கறைபடாமல் ஓய்வு பெற்றவருக்கு, வழக்கில் பெயர் அடிபடும் என்பது பணம் போவதைவிடப் பெரிய பயம். அவருடைய நேர்மையையே பிடிமானமாக்கிக்கொள்கிறான் மோசடிக்காரன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அடுத்தது தனிமை. மோசடி முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. "மனைவியிடம் சொன்னால் அவரும் வழக்கில் சேர்க்கப்படுவார். போனைத் துண்டிக்காதீர்கள். அறையைவிட்டு வெளியே போகாதீர்கள்." பயந்த மனம் எதிரில் இருக்கும் ஆபத்தை மட்டுமே பார்க்கும், நிதானமாக யோசிக்க அவகாசம் வேண்டும், அல்லது யோசிக்கச் சொல்ல இன்னொருவர் வேண்டும். இரண்டையும் பறித்துவிடுகிறார்கள். பக்கத்து வீட்டு மாமா ஒருவர் எட்டிப் பார்த்து "என்ன சார், முகம் வாடியிருக்கு?" என்று கேட்டாலே இந்த நாடகம் ஆட்டம் காணும்.

முதியவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்பதும் பாதி உண்மையே. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையத்துக்கு வரும் புகார்களில், பணத்தைப் பறிகொடுத்ததாகச் சொல்வோரின் விகிதம் இருபது வயதுக்காரர்களிடம் எழுபது வயதுக்காரர்களைவிட அதிகம். முதியவர்கள் இழக்கும் தொகைதான் பெரிது. நம் ஊரிலும் வேலை தேடும் பட்டதாரிக்கு டெலிகிராமில் 'பார்ட் டைம் வேலை' வருகிறது. முதலில் சில நூறு ரூபாய் உண்மையாகவே கணக்கில் ஏறும். பிறகு 'டாஸ்க்' முடிக்கப் பணம் கட்டச் சொல்வார்கள். பெரியவரைப் பயம் தள்ளுகிறது, இளைஞனைத் தேவை இழுக்கிறது. வேலை கிடைக்கவில்லை என்பதை வீட்டில் பேச முடியாதவன், இந்த வேலையைப் பற்றியும் யாரிடமும் கேட்பதில்லை.

பார்த்தவுடன் பொய் என்று தெரிகிற செய்திகளை மோசடிக்காரர்கள் ஏன் அனுப்புகிறார்கள் என்ற கேள்விக்கு, மைக்ரோசாப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி 2012இல் ஒரு விளக்கம் தந்தார். சந்தேகப்படுகிறவர்கள் முதலிலேயே விலகிவிட வேண்டும். கடைசிவரை வரக்கூடியவர்கள் மட்டும் பதில் போட வேண்டும். அப்படி வடிகட்டி எடுத்த ஒருவரிடம்தான் மோசடிக்காரன் தன் முழு நேரத்தையும் செலவிடுகிறான்.

2024இல் மட்டும் இந்தியர்கள் இணைய மோசடிகளில் 22,845 கோடி ரூபாய் இழந்ததாக உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. முந்தைய ஆண்டில் அது 7,465 கோடி. 2024 அக்டோபர் 27 அன்று வானொலி உரையில் பிரதமர், டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் எதுவும் இல்லை என்றார். விசாரணைக்கு அழைக்கும் நோட்டீஸை போலீஸ் வாட்ஸ்ஆப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஹரியானாவின் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதி 1 கோடிக்கு மேல் இழந்து எழுதிய கடிதத்தை அதே நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. டிசம்பரில் இத்தகைய வழக்குகளின் விசாரணையை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது.

ஆனாலும் பணம் திரும்புவது கடினம். கணக்கில் தனக்குத் தெரியாமல் பணம் போனால் வாடிக்கையாளரைக் காக்க 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. பயந்துபோய்த் தன் கையாலேயே ஆர்.டி.ஜி.எஸ். செய்தவருக்கு அந்த விதி கைகொடுப்பதில்லை. அவருக்கு மிஞ்சுவது வேகம் மட்டுமே. போன பணம் சில நிமிடங்களில் பல கணக்குகளுக்குப் பிரிந்துவிடும். அதற்குள் இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைத்தால் அந்தக் கணக்குகளை முடக்க வழி உண்டு. ஓஸ்வால் வெட்கப்பட்டு மறைக்காமல் சில நாள்களிலேயே புகார் கொடுத்தார், 5.25 கோடி மீட்கப்பட்டது. நம் வீடுகளில் அந்த நேரத்தை விழுங்குவது "பிள்ளைகளுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்" என்ற கூச்சம். ஏமாந்தவரைத் திட்டும் வீட்டில், அடுத்த முறை யாரும் உடனே சொல்ல மாட்டார்கள்.

ஹைதராபாத்தில் 2024 நவம்பரில் ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றுக்கு வந்த மருத்துவர், 13 லட்சம் ரூபாய் டெபாசிட்டை உடைத்து அனுப்பச் சொன்னார். என்ன செலவு என்று ஊழியர் கேட்டார். சொந்தச் செலவு என்றார். பிறகு நிலம் வாங்க என்றார். பதில் மாறியதைக் கவனித்த ஊழியர்கள் பணத்தை அனுப்பாமல் நிறுத்தி, அவரை 1930இல் பேச வைத்தார்கள். பெரிய தொழில்நுட்பம் எதுவும் அங்கே வேலை செய்யவில்லை. கவுண்டரில் இருந்தவர் இரண்டு கேள்வி கேட்டார், பதில் வரும்வரை காத்திருந்தார். பெரிய டெபாசிட்டை முதிர்வுக்கு முன்பே உடைக்க வரும் மூத்த குடிமக்களிடம் அதே கேள்விகளைக் கேட்பதை, திருவானைக்காவல், ஸ்ரீரங்கம் கிளைகள் உட்பட எல்லா வங்கிகளும் கட்டாய நடைமுறை ஆக்கலாம். அதற்குப் பத்து நிமிடம் போதும்.