மோட்டார் வண்டியின் வளிச்சீராக்கியும் எஞ்சினின் வெப்பமும்

கடுகண்ணாவை போன்றதொரு மலையேற்றத்தில், வாகன நெரிசலினூடே ஊர்ந்து செல்லும் வண்டியொன்றில் அதுவரை வீசிய குளிர்வளி திடீரென வெதுவெதுப்பாகின்றது. வளிச்சீராக்கி பழுதுற்றது எனக் கருதிச் சாரதி பயணத்தைத் தொடர்கின்றார். ஆயின், குளிர் நின்றமை வளிச்சீராக்கியின் பழுதாக அன்றி, எஞ்சினின் ஆபத்தை உணர்த்தும் முதல் அறிகுறியாகவும் இருத்தல் கூடும். அதன் காரணத்தை இங்கு ஆராய்வோம்.

வளிச்சீராக்கி குளிரை உண்டாக்குவதில்லை, வெப்பத்தை இடம்மாற்றுகின்றது. வண்டியினுள்ளே ஆவியாக்கியில் குளிரூட்டும் பாய்பொருள் ஆவியாகும்போது உள்வளியின் வெப்பத்தைக் கவர்கின்றது. அமுக்கி அவ்வாவியை உயரமுக்கத்திற்குக் கொணர, வண்டியின் முகப்பிலுள்ள ஒடுக்கியில் அது மீண்டும் திரவமாகி வெப்பத்தை வெளிவிடுகின்றது. அவ்வாறு வெளியேறுவது உள்ளிருந்து கவர்ந்த வெப்பம் மட்டுமன்று; அமுக்கியை இயக்கச் செலவான சக்தியும் அதனுடன் சேர்கின்றது. ஈரப்பதன் மிக்க கரையோரப் பகுதிகளிலோ வளியிலுள்ள நீராவியையும் ஒடுக்க வேண்டியிருப்பதால் இச்சுமை மேலும் பெருகும்.

எஞ்சினுக்கும் இதே வகையான பிரச்சினை உண்டு. எரிபொருள் தரும் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே இயக்கமாக மாறுகின்றது. ஏறக்குறைய அதேயளவு வெப்பத்தைக் குளிராக்கும் நீர் றேடியேற்றருக்குக் கொண்டுசெல்கின்றது. பெரும்பாலான வண்டிகளில் ஒடுக்கி றேடியேற்றருக்கு முன்னால் பொருத்தப்பட்டுள்ளது. எனவே, ஒடுக்கியிற் சூடேறிய வளியே பின்னர் றேடியேற்றரைக் குளிர்விக்க வேண்டியதாகின்றது. வேகமாக ஓடும்போது வளியோட்டம் இரண்டிற்கும் போதும். மெதுவாக ஏறும்போதோ எஞ்சினின் சுமை மிகுந்திருக்க, வளியோட்டம் விசிறியை மட்டுமே நம்பியிருக்கின்றது. அமுக்கியைச் சுழற்றும் வேலையும் அதே எஞ்சினின் மீதே விழுகின்றது.

ஆகவே, நெருக்கடியில் இழக்கத்தக்கது பயணியின் சுகமேயன்றி எஞ்சின் அன்று. 1940 ஆம் ஆண்டின் பக்காட் வண்டிகளில் வளிச்சீராக்கி கிடைத்தது. அதில் அமுக்கியைத் துண்டிக்கும் கிளச் இல்லாமையால், அதை நிறுத்துவதற்கு எஞ்சினை நிறுத்தி வார்ப்பட்டியையே கழற்ற வேண்டியிருந்தது. பின்னர் வந்த மின்காந்தக் கிளச் இக்குறையை நீக்கியது. இன்றைய வண்டிகள் பலவற்றில், நீரின் வெப்பநிலை குறித்த எல்லையைக் கடந்ததும் கட்டுப்பாட்டுக் கணினி அமுக்கியைத் தானாகவே துண்டிக்கின்றது. விசிறி வீசிக்கொண்டிருக்கும், வரும் வளியிலோ குளிர் இராது. அத்தகைய ஏற்பாடு இல்லாத பழைய வண்டிகளில் இம்முடிவைச் சாரதியே எடுத்தல் வேண்டும்.

குளிர் நின்றவுடன் முதலில் நோக்க வேண்டியது வெப்பநிலைமானியை. முள் ஏறியிருப்பின் வளிச்சீராக்கியை நிறுத்திச் சூடாக்கியை முழு அளவில் இயக்குதல் நன்று. வெயிலில் இது விந்தையாகத் தோன்றலாம். ஆயின் சூடாக்கியின் உள்ளகம் ஒரு சிறு றேடியேற்றரே ஆகும். எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பகுதியை அது வண்டியினுள்ளே இறக்கிவிடுகின்றது. இது பாதுகாப்பான இடத்தை அடையும்வரை உதவும் உபாயமேயன்றிப் பரிகாரம் அன்று. அவ்விடத்தை அடைந்ததும் எஞ்சினை நிறுத்திவிடல் வேண்டும். சூடாக்கியிலிருந்து சூடற்ற வளி வருமாயின் நீர் வற்றியிருக்கலாம். அப்போது உடனே நிறுத்துவதே முறை. நீரில் அமிழாத உணர்கருவி குறைந்த வெப்பநிலையைக் காட்டி ஏமாற்றவுங்கூடும் என்பதால், மானியை மட்டும் நம்புதலும் தகாது. தாமதித்தால் அலுமினியச் சிலிண்டர்த் தலை கோணலாம், கஸ்கெற் சிதையலாம்.

நிறுத்தியபின் றேடியேற்றரின் மூடியை உடனே திறத்தல் ஆகாது. உள்ளே அமுக்கம் மிகுந்திருப்பதால் நீர் 100 பாகை செல்சியசைக் கடந்தும் கொதியாதிருக்கும். மூடி திறந்து அமுக்கம் வீழ்ந்ததும் அது ஒரு கணத்தில் ஆவியாகப் பாய்ந்து கொடிய எரிகாயத்தை விளைவிக்கும்.

இவ்விதிகள் எல்லா வண்டிகட்கும் அப்படியே பொருந்தா. 2003 ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாந் தலைமுறைப் பிறியஸ் வண்டியில் அமுக்கியை இயக்குவது மின்மோட்டாரே. அதன் பெரிய மின்கலத்தொகுதி குளிர்வதும் பயணிகள் அறையின் வளியினாலேயாம். ஆயினும் அடிப்படை ஒன்றே: ஓரிடத்திற் குளிரென உணரப்படுவது மற்றோரிடத்தில் வெப்பமாக வெளியேறியே தீரும். அவ்வழி அடைபடும்போது எதைக் கைவிடுவது என்ற வினா எழுகின்றது. பொறி அதற்கு விடை கூறிவிடுகின்றது. அவ்விடையின் பொருளை உணர்ந்து வண்டியை நிறுத்துவது மனிதரின் பொறுப்பாகும்.