கூரை வழியாக வந்த சித்தப்பா

கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு ஐந்து மாதம். கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான். அடுத்த மாதம் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் சோறூட்டல். இதற்கிடையே லண்டனிலிருந்து மச்சாள் ஒரு பைக்கற்று அனுப்பியிருக்கிறாராம்: கைக்குழந்தைகளுக்கென்றே அரைத்த கச்சான் மா. ‘இதைக் கொடுத்தால் பிறகு ஒவ்வாமையே வராதாம். கொடுக்கட்டுமா?’ என்று கேட்கிறார். கடைசி வரியில், போகிற போக்கில், மாமி தினமும் பிள்ளைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பதாகவும் எழுதியிருக்கிறார். எனக்குப் பைக்கற்றைவிட அந்தக் கடைசி வரிதான் சுவையாகப் பட்டது.

முதலில் பைக்கற்று. லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த குழந்தை ஒவ்வாமை ஆய்வாளர் கிடியோன் லாக் இல்லாவிட்டால் அது பிறந்தே இருக்காது. 2008இல் அவரது குழு பிரித்தானியாவிலும் இஸ்ரேலிலும் வாழும் யூதக் குழந்தைகளை ஒப்பிட்டது. கச்சான் ஒவ்வாமை முன்னவர்களில் 1.85 வீதம், பின்னவர்களில் 0.17 வீதம். இஸ்ரேல் குழந்தைகள் பல் முளைக்கும் வயதிலேயே ‘பம்பா’ என்ற கச்சான் பொரியைச் சப்பத் தொடங்கிவிடுகிறார்கள். பிரித்தானியத் தாய்மாரோ வைத்தியர் சொல் கேட்டு அதை ஒளித்து வைத்தார்கள். சந்தேகத்தை உறுதிப்படுத்த, கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை 4 முதல் 11 மாத வயதில் சேர்த்து, பாதிப் பேருக்கு ஐந்து வயது வரை கச்சான் உணவு கொடுத்தார்கள், மற்றவர்களுக்குத் தடை. 2015இல் முடிவு வந்தது. தடையிருந்தவர்களில் 17.2 வீதம் பேருக்கு ஒவ்வாமை, சாப்பிட்டவர்களில் 3.2 வீதம்.

அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2000ஆம் ஆண்டில், ஒவ்வாமை வரக்கூடிய பிள்ளைகளுக்கு மூன்று வயது வரை கச்சானே வேண்டாம் என்றிருந்தது. 2008இல் அந்த அறிவுரையை மெதுவாக மடித்து உள்ளே வைத்தது. நிபுணர்கள் சொன்னதைக் கேட்ட வீடுகள்தான் அதிகம் அகப்பட்டுக்கொண்டன. பைக்கற்று விற்பவர்கள் சொல்லாத ஒன்றும் உண்டு: தோல் பரிசோதனையில் பெரிதாகத் தடித்த குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவேயில்லை.

வரலாற்றை ஒரே பந்தியில் முடித்துவிடுகிறேன். 1921இல் ஜெர்மனியில் ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்ற வைத்தியருக்குச் சமைத்த மீன் ஒத்துக்கொள்ளாது. சக ஆய்வாளர் கார்ல் பிராவுஸ்னிட்ஸ் அவருடைய குருதித் தெளிவைத் தன் வயிற்றுத் தோலில் ஏற்றி, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றினார். தோல் தடித்தது. ஒவ்வாமை குருதியில் பயணிக்கும் பொருள் என்று தெரிந்தது. அந்தப் பொருள் ஐ.ஜி.ஈ என்ற பிறபொருளெதிரி என்று இஷிசாக்கா தம்பதியர் கண்டுபிடிக்க 1966 ஆயிற்று.

இனி என்னை மயக்கிய விஷயம். ஒரே கச்சான் புரதம். வாய் வழியே போனால் உறவு, தோல் வழியே போனால் பகை. ஏன்?

உடவத்தக்கலைக் காட்டோரம் ஓட்டுவீடு ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து சித்தப்பா வருகிறார். முன்வாசலால், கையில் வாழைப்பழச் சீப்போடு வந்தால், திண்ணையில் இருக்கும் பெரியவர் பார்த்து, “நம்ம ஆள்தான், விடு” என்று உள்ளே குரல் கொடுப்பார். குடல்தான் அந்த முன்வாசல். அங்கே உணவுப் புரதத்தைப் பிடித்துப் பார்க்கும் கலங்கள், சீராக்கும் ரி-கலங்களைப் பழக்கி, இது உணவு, சண்டை வேண்டாம் என்று உடம்பு முழுவதற்கும் சொல்லி வைக்கின்றன.

அதே சித்தப்பா கூரையால் வந்தால்? குரங்குகள் ஏற்கெனவே ஓட்டைப் பிரித்துப் போட்டிருக்கின்றன. வீடே கூச்சலில் இருக்கிறது. அந்த நேரத்தில் மேலிருந்து விழுகிறவர் யாரானாலும் கள்ளன்தான். கரப்பான் தோல் அந்த உடைந்த கூரை. தோலை இறுக்கிப் பிடிக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதம் சிலருக்குப் பிறப்பிலேயே குறைவு. கரப்பானுக்கு அது ஒரு முக்கிய காரணம் என்று 2006இல் ஸ்கொட்லாந்தின் டண்டீ ஆய்வாளர்கள் காட்டினார்கள். காயப்பட்ட தோல் அபாயக் குரல் எழுப்பும் வேளையில் கச்சான் புரதம் உள்ளே விழுந்தால், காவல் கலங்கள் அதன் படத்தை அச்சடித்து விடுகின்றன. ஐ.ஜி.ஈ தான் அந்தப் படம். உடம்பெங்கும் நிற்கும் மாஸ்ட் கலங்கள் ஒவ்வொன்றின் நெஞ்சிலும் அது ஒட்டப்படுகிறது. அதன் பிறகு சித்தப்பா முன்வாசலால், பழச் சீப்போடு, சிரித்துக்கொண்டே வந்தாலும் பயனில்லை. பக்கத்துப் பக்கத்துப் படங்கள் இரண்டு ஒரே ஆளைப் பற்றிக்கொண்டதும், காவலாளிகள் அத்தனை பேரும் அண்டா அண்டாவாக நீரைக் கவிழ்க்கிறார்கள். நீர் என்பது ஹிஸ்டமின். வீடு கெடுவது சித்தப்பாவால் அல்ல, அந்த வெள்ளத்தால். இதற்கு மேல் போனால் அவருக்குச் செத்தவீடு நடத்த வேண்டிவரும், நிறுத்துகிறேன்.

ஆக, எந்த வாசல் முந்துகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இது வெறும் ஊகமல்ல. கச்சான் எண்ணெய் கலந்த தோல் பூச்சுகளுக்கும் கச்சான் ஒவ்வாமைக்கும் தொடர்பு இருப்பதை லாக் 2003இலேயே காட்டினார். வீட்டில் கச்சான் சாப்பிட்டால் அதன் புரதம் தூசியிலும் படிகிறது. 2021இல் இன்னொரு பிரித்தானிய ஆய்வு, குழந்தைக்கு அடிக்கடி எண்ணெயோ களிம்போ பூசிய வீடுகளில் உணவு ஒவ்வாமை கூடுதலாக இருப்பதைக் கண்டது. அங்கே பெரும்பாலும் ஒலிவ் எண்ணெய். அதில் கச்சானும் இல்லை, முட்டையும் இல்லை. பூசும் கையிலிருந்த உணவு கூடவே உள்ளே தேய்க்கப்பட்டதோ என்பது ஆய்வாளர்களின் ஐயம். தொடர்புதான், நிரூபணமல்ல.

மூன்றாவது வாசலும் உண்டு: ஊசி. கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் ரஜீவ டி சில்வாவும் சக ஆய்வாளர்களும், தடுப்பூசி போட்டவுடன் ஒவ்வாமை கண்ட நம் நாட்டுப் பிள்ளைகளின் குருதியைச் சோதித்து 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் சுட்டிய சாத்தியமான காரணம், மாட்டுக் குருதியின் அல்புமின் புரதம். சில தடுப்பூசி வைரசுகளை வளர்க்கும் கலங்களுக்குக் கன்றின் குருதித் தெளிவே தீனி. அதன் துளி எச்சம் மருந்தில் தங்கலாம். அதே புரதம் பசுப்பாலிலும் மாட்டிறைச்சியிலும் இருக்கிறது. இதைப் படித்துவிட்டுத் தடுப்பூசியைத் தவிர்க்க நினைப்பவர்கள் தட்டம்மையை மறந்தவர்கள். பாலுக்கோ மாட்டிறைச்சிக்கோ கடுமையாக ஒவ்வாத பிள்ளையென்றால் முன்கூட்டியே சொல்லி, வைத்தியசாலைக் கண்காணிப்பில் போட வேண்டும், அவ்வளவுதான்.

லாக்கின் கச்சான் பாடத்தை நம் தேங்காய்க்கும் இறாலுக்கும் அப்படியே நீட்டிவிட முடியாது. பெரிய பெரிய ‘உணவு ஒவ்வாமைப் பட்டியல்’ இரத்தப் பரிசோதனைகளுக்கும் பணத்தைக் கொட்ட வேண்டாம். அவற்றில் பல அளப்பது ஐ.ஜி.ஜி என்ற வேறொரு பிறபொருளெதிரியை. அது பிள்ளை எதைச் சாப்பிட்டது என்றுதான் சொல்லும்.

கட்டுகஸ்தோட்டைத் தாய்க்கு: கரப்பான் கடுமையாக இருந்தால் எதையும் ஊட்டுவதற்கு முன் பேராதனைச் சிறுவர் வைத்தியசாலையில் காட்டுங்கள். சரி என்றால் பைக்கற்றும் தேவையில்லை. கோயில் திருவிழாக் கச்சானை வாங்கி, பட்டுப்போல அரைத்து, கஞ்சியில் கரைத்தால் போதும். முழுக் கச்சான் ஐந்து வயது வரை கூடாது, தொண்டையில் அடைக்கும். ஒருமுறை ஊட்டிவிட்டு மறந்துவிடவும் கூடாது. அந்த 640 பேரில் சாப்பிட்ட பாதியினர் வாரத்தில் மூன்று தடவையாவது, ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவர்கள்.

எண்ணெய் விஷயத்தில், கரப்பான் வெடித்த இடத்தில் பூசாமல் விடுவது நல்லது. மற்ற இடங்களில், தேங்காய் துருவிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத் தேய்க்கலாம். இதை மாமியிடம் யார் சொல்வது என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.