மத்தாப்புப் பொறி ஏன் கிளை விடுகிறது?

தீபாவளி அன்று கம்பி மத்தாப்பு கொளுத்துகிறோம். பொறிகள் கோடு கோடாகப் பறக்கின்றன. உண்மையில் அங்கே கோடு எதுவும் இல்லை. பறப்பது எரியும் சின்னத் துகள்தான். இருட்டில் கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் நெருப்பு வளையம் தெரியும் அல்லவா? அது போலத்தான் இதுவும். பார்த்த ஒளி கண்ணை விட்டு உடனே மறைவதில்லை.

ஜப்பான் நாட்டிலும் ஒரு கை மத்தாப்பு உண்டு. பெயர் செங்கோ ஹனாபி. அதில் கம்பி கிடையாது. இரும்புத் தூளும் கிடையாது. வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் மூன்றையும் கலந்து, ஒரு சிட்டிகை எடுத்து, மெல்லிய காகிதத்தில் வைத்துத் திரியாக முறுக்குகிறார்கள். அவ்வளவுதான்.

கோடைக்கால இரவில் குடும்பமாக உட்கார்ந்து இதைக் கொளுத்துவார்கள். திரியைக் கீழ்நோக்கிப் பிடிக்க வேண்டும். மருந்து உருகி, நுனியில் மிளகு அளவுக்குச் சிவந்த உருண்டையாகத் தொங்கும். கை நடுங்கினால் விழுந்துவிடும். யாருடைய உருண்டை கடைசி வரை விழாமல் நிற்கிறது என்று போட்டி நடக்கும்!

சற்று நேரத்தில் உருண்டையிலிருந்து பொறிகள் கிளம்பும். ஒவ்வொரு பொறியும் பாதி வழியில் கிளை விடும். அந்தக் கிளையும் கிளை விடும். உருண்டையை விட்டுப் பிரிந்த பொறி தானாக எப்படிக் கிளை விடுகிறது?

1920களில் தெராடா தொராஹிகோ என்ற ஜப்பானிய அறிஞர் இந்தக் கேள்வியை எழுப்பினார். விளையாட்டுப் பொருள் என்று அவர் ஒதுக்கவில்லை. அவருடைய மாணவர் நகாயா உகிச்சிரோ அதை ஆராய்ந்தார். ஆனாலும் கேள்வி முழுதாகத் தீரவில்லை.

இப்போது அதிவேகக் கேமராக்கள் வந்துவிட்டன. சினிமாவுக்கு ஒரு நொடியில் 24 படங்கள் போதும். இந்தக் கேமராக்கள் பல ஆயிரம் படங்கள் எடுக்கும். அடுத்தடுத்த படங்களில் ஒரே துளி எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொண்டே போகலாம். வேகத்தையும் கணக்கிடலாம். நொடிக்கு 10,000 படங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே துளி 1 மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்திருக்கிறது. அப்படியானால் அதன் வேகம் நொடிக்கு 1 மீட்டர்.

ஜப்பான், பிரான்சு விஞ்ஞானிகள் இப்படிப் படம் எடுத்து, 2017இல் விடையை வெளியிட்டார்கள். பொறி என்பது திடப்பொருள் அல்ல. அது உருகிய மருந்தின் துளி. கூழ் கொதிக்கும்போது குமிழி உடைந்து கையில் தெறிக்குமே, அது போல உருண்டையில் குமிழி உடைந்து துளி தெறிக்கிறது. பறக்கும் துளி காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வினைபுரிகிறது. சூட்டில் அதற்குள்ளேயே வாயு உண்டாகிறது. குமிழி வீங்கி வெடிக்கிறது. துளி சிதறிக் குட்டித் துளிகள் ஆகிறது. அவையும் அதே போல வெடிக்கின்றன.

தாய், பிள்ளை, பேரப்பிள்ளை என்று எண்ணிப் பார்த்தார்கள். எட்டுத் தலைமுறை வரை போயிற்று. அத்தனையும் கண் இமைக்கும் நேரத்துக்குள் நடந்து, அணைந்துவிடுகிறது.