மாட்டு மருந்தை நாய்க்கும் பூனைக்கும் பங்கு வைக்கலாமா?

நம் கூட்டங்களில் பஞ்சகவ்யம், மீன் அமிலம் எல்லாம் பேசி முடித்து, டீ குடிக்கிற நேரத்தில்தான் நிஜமான கேள்விகள் வரும். என்னிடம் அடிக்கடி வருகிற ஒன்று இது: "ஏனுங்கண்ணா, மாட்டுக்குப் போட்டதுல மிச்சம் இருக்கிற மருந்தைக் கொஞ்சூண்டு நாய்க்குக் குடுத்தா ஆகாதுங்களா?"

நாய் பட்டியைக் காக்கிறது. பூனை மூட்டைகளை எலியிடமிருந்து காக்கிறது. ஆனால் மாட்டுக்கு வருகிற மருத்துவர் இவற்றுக்கு வருவதில்லை. கட்டுத்தறி மாடத்தில் என்ன கிடக்கிறதோ அதுதான் வைத்தியம். மாடு பெரிசு, நாய் சிறிசு, மருந்தையும் குறைத்துக் கொடுத்தால் போச்சு என்று ஒரு கணக்கு. எடை பாதி விஷயம்தான். அந்த உடம்பு மருந்தை என்ன செய்கிறது என்பது மீதிப் பாதி.

குடற்புழுவுக்குத் தரும் ஃபென்பெண்டசோலையே எடுத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் 300 கிலோ மாட்டுக்கு 1.5 கிராம் மாத்திரை ஒன்று, ஒரே வேளை. 15 கிலோ நாய்க்கோ கிலோவுக்கு 50 மில்லிகிராம், அதுவும் மூன்று நாள் தொடர்ந்து. அதாவது தினம் அரை மாத்திரை, மொத்தம் ஒன்றரை. மாட்டைவிட நாய்க்கு அதிகம்! மாட்டின் பெருவயிறு ஒரு தொட்டி மாதிரி. மருந்து அதில் தங்கி மெல்ல மெல்ல இறங்கும், புழுவின் மேல் ரொம்ப நேரம் பட்டுக்கொண்டே இருக்கும். நாயின் குடல் குட்டை. மருந்து வந்த வேகத்தில் வெளியே போய்விடும். "புழு மாத்திரை குடுத்தேன், கேக்கல" என்று சொல்கிறவர்களிடம் எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டால், பெரும்பாலும் கால் மாத்திரை, ஒரு வேளை என்பார்கள். அதே குடும்பத்து அல்பெண்டசோலை நாய், பூனைக்குத் தர வேண்டாம். எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து ரத்தம் ஊறுவதையே நிறுத்திவிடக்கூடும்.

வலி மருந்தில் கணக்கு தலைகீழ். மெலாக்சிகாம் மாட்டுக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். நாய்க்கு முதல் நாள் 0.2, மறுநாள் முதல் 0.1. அப்படியானால் 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 1 மில்லிகிராம். மருந்துக்கடையில் மனிதர்களுக்கு விற்கிற மாத்திரையோ 15 மில்லிகிராம். நொண்டுகிறதே என்று அதில் ஒன்றைச் சோற்றில் வைத்தால், பதினைந்து நாள் மருந்து ஒரே வாயில் போகிறது. வயிற்றில் புண், கருப்பு மலம், பிறகு சிறுநீரகம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் பக்கமே போகாதீர்கள். (பாறு கழுகுகளை அழித்ததற்காக 2006-இல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டதே, அந்த டைக்ளோஃபெனாக்தான்.)

ஐவர்மெக்டின் ஊசி மருந்து பல பட்டிகளில் பாதி குப்பியாக நிற்கிறது. ஜப்பான் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து வந்த மருந்து. கண்டறிந்த ஓமுராவுக்கும் கேம்பெலுக்கும் 2015-இல் நோபல் பரிசு. மண்ணில் பிறந்தது என்பதால் சாது என்று அர்த்தமில்லை. 1 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம்; மாட்டுக்கு 50 கிலோவுக்கு ஒரு மில்லி. சொறி பிடித்த 4 கிலோ நாய்க்குட்டிக்குக் குத்துமதிப்பாக அரை மில்லி ஏற்றினால், எடைக்கு எடை அது மாட்டு அளவைப் போல ஆறு மடங்குக்கு மேல். கண்மணி விரியும், தள்ளாடும், எச்சில் ஒழுகும், பார்வை போகும், நினைவு தப்பும். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. கோலி வகை நாய்களுக்கும் அவற்றின் கலப்புகளுக்கும் மாட்டு அளவே ஆபத்தாகலாம்; மருந்தை மூளைக்குள் விடாமல் தடுக்கிற காவல் அவற்றில் பலவற்றுக்குப் பிறவியிலேயே இல்லை.

பூனை தனி ஜாதி. அதைக் குட்டி நாய் என்று நினைப்பதுதான் பெரிய வினை. நம் ஈரலும் நாயின் ஈரலும் செய்கிற ஒரு வேலையைப் பூனையின் ஈரல் சரியாகச் செய்யாது: சில மருந்துகளோடு ஒரு சர்க்கரைப் பொருளைச் சேர்த்துச் சிறுநீரில் அனுப்புகிற வேலை. அதனால் காய்ச்சலுக்கு நாம் போடுகிற 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். கால் மாத்திரையும் விஷம்தான். ரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். நாய்க்கு விற்கிற பெர்மெத்ரின் உண்ணி மருந்தும் அப்படியே. பூனை மேல் பட்டால் வலிப்பு. மாட்டுக்குத் தெளிக்கிற டெல்டாமெத்ரினும் அதே குடும்பம்தான். தெளித்த அன்று பூனையைக் கட்டுத்தறிக்குள் விடாதீர்கள்.

இதற்குத்தான் நாட்டு வைத்தியமே போதும் என்கிற குரல் நம்மிடமிருந்தே வரும். மாட்டு மடிவீக்கத்துக்குக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் போடுகிறவன்தான் நானும். ஆனால் மாட்டு வயிற்று உப்புசத்துக்கு நாம் உருட்டுகிற உருண்டையில் வெங்காயமும் பூண்டும் இருக்கிறது. இரண்டும் நாய், பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், பூனைக்கு இன்னும் சுருக்காக. உண்ணிக்கென்று கற்பூரம் கலந்த எண்ணெய் தடவினால் பூனை சும்மா இருக்குமா? உடம்பெல்லாம் நக்கித் தீர்த்துவிடும். கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும்.

மருத்துவரிடம் போனில் கேட்பதாக இருந்தாலும் எடையைச் சொல்லுங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும். பூனையைச் சாக்கில் போட்டுத் தொங்குதராசில் மாட்டலாம். குப்பியில் ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருப்பதையும் வாசித்துக் காட்டுங்கள்.

பூனை பாராசிட்டமால் தின்றுவிட்டது தெரிந்தால் வீங்கட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தியெடுக்க வைக்கவும் வேண்டாம். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. முதல் சில மணி நேரத்துக்குள் கிடைத்தால்தான் நல்ல பலன். மனிதர்களுக்கும் அதையே தருவதால், கால்நடை மருத்துவமனையில் இல்லாவிட்டாலும் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் வெளியே வாங்கிவிடலாம். போகும்போது அந்த மாத்திரை அட்டையை மடியில் செருகிக்கொண்டு போங்கள். என்ன மாத்திரை, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்றுதான் முதலில் கேட்பார்கள்.