எரிசாராயமும் ஏழையின் மோட்டார் சைக்கிளும்

பெட்ரோல் என்ற சொல்லைக் கேட்டவுடன் செல்வரின் மோட்டார் கார் நினைவுக்கு வருவது பழைய வழக்கம். இக்காலத்திற்கு அது பொருந்தாது. 2013ம் வருஷத்தில் பெட்ரோலிய இலாகாவின் சார்பில் எடுக்கப்பட்ட கணக்கின்படி, நமது தேசத்தில் விற்பனையாகும் பெட்ரோலில் நூற்றுக்கு 61 பங்கு இரு சக்கர வண்டிகளிலேயே எரிந்துபோகிறது. பள்ளி ஆசிரியர், கொத்தனார், பால்காரர், கடைச் சிப்பந்தி ஆகியோரின் வயிற்றுப் பிழைப்பு அவ்வண்டிகளின் மேல்தான் ஓடுகிறது. ஆகவே, பெட்ரோலில் எதைக் கலப்பது, எவ்வளவு கலப்பது என்பது யந்திர நிபுணர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயமன்று. பொது ஜனங்கள் யாவரும் யோசிக்க வேண்டிய விஷயமாகும்.

நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்கிற்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. இந்த அடிமைத்தனத்தை நீக்கக் கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வடிக்கும் எத்தனால் என்னும் எரிசாராயத்தைப் பெட்ரோலில் கலக்கலாம் என்ற யோசனை புதியதன்று. சுதந்திரம் வந்த மறு வருஷமே, அதாவது 1948ல், இதற்கென ஒரு சட்டம் செய்யப்பட்டது. அது நெடுங்காலம் ஏட்டளவில் இருந்து 2000ம் வருஷத்தில் ரத்தாயிற்று. பிறகு 2003ல் சில மாகாணங்களில் நூற்றுக்கு 5 பங்கு கலப்பது துவங்கியது. 2022ல் 10 பங்காகவும், 2025ல் 20 பங்காகவும் அது உயர்ந்தது.

இதற்கு அடுத்த படியைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகிறோம். 85 பங்கு எத்தனாலிலும், ஏறக்குறைய முழு எத்தனாலிலும் ஓடும் மோட்டார் சைக்கிள்கள் இனிமேல் கற்பனையல்ல. நமது ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டி.வி.எஸ். கம்பெனியார் 2019 ஜூலையில் எத்தனாலில் ஓடும் அப்பாச்சி வண்டியை டில்லியில் வெளியிட்டனர். 2024 அக்டோபரில் ஹோண்டா கம்பெனியார் 85 பங்கு வரை ஏற்கும் வண்டி ஒன்றைக் கொண்டுவந்தனர். அதே வருஷம் மார்ச் மாதத்தில் இந்தியன் ஆயில் கம்பெனியார் ஐந்து பிரதேசங்களில் 183 நிலையங்களில் ‘எத்தனால் 100’ என்ற எரிபொருளை விற்கத் தொடங்கினர். அவ்வைந்தில் தமிழ்நாடும் ஒன்று.

1937ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் துவக்கி வழிகாட்டிய நாட்டில் சாராயம் வடிப்பதற்கு உற்சாகமளிக்கலாமா என்று நமது நண்பர்களில் சிலர் வினவக்கூடும். எரிபொருளாகும் சாராயத்தில் பெட்ரோலையும் பிற சரக்குகளையும் கலந்து குடிப்பதற்கு உதவாதபடி செய்துவிடுகிறார்கள். மனிதனின் அறிவைக் கெடுத்த பொருள் யந்திரத்திற்கு ஆகாரமாவதில் தர்ம விரோதம் ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால், ஆலையிலிருந்து வழியில் கசிந்துவிடாமல் சர்க்கார் காவல் செய்ய வேண்டும்; அவ்வளவே.

இனி யந்திரத்தின் விஷயத்திற்கு வருவோம். எத்தனால் தன்னுள்ளேயே பிராணவாயுவைக் கொண்ட பொருள். பெட்ரோல் ஒரு பங்கு எரிவதற்குச் சுமார் 14.7 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். ஆகவே அதே காற்றுக்குப் பெட்ரோல் இரண்டு பங்கு சென்ற இடத்தில் எத்தனால் மூன்று பங்கு செல்ல வேண்டும். ஒரு லிட்டரில் அடங்கிய சக்தியும் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கே. இது குறை. குணமும் உண்டு. எத்தனால் ஆவியாகும்போது மிகுந்த உஷ்ணத்தை இழுத்துக்கொண்டு யந்திரத்தைக் குளிர்விக்கிறது. அழுத்தத்தைத் தாங்கித் தட்டாமல் எரிகிறது. ஆதலால் பெட்ரோல் யந்திரத்தில் 9 அல்லது 10 மடங்காக இருக்கும் அழுத்தத்தை 12 மடங்காக உயர்த்திச் சக்தியில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்ளலாம்.

இக்குணங்களைக் கேள்விப்பட்டு, பழைய வண்டியைத் தாமே மாற்றிக்கொள்ளலாம் என்று வாலிபர்கள் எண்ணுவது இயல்பு. மாற்றம் கூடாததன்று, ஆனால் அரைகுறை மாற்றம் ஆபத்து. கார்புரேட்டர் உள்ள வண்டியில் 85 பங்கு எத்தனாலை ஊற்றுவதானால், பெட்ரோல் பாயும் ஜெட்டின் துவாரத்தை விட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஊற்றினால் காற்று மிகுந்து, எரிபொருள் குறைந்து, வண்டி திணறும். வால்வும் பிஸ்டனும் சூடேறிக் கெடும். இஞ்செக்ஷன் வண்டியிலோ, புகைக்குழாயில் உள்ள சென்ஸார் ஓரளவுக்குத்தான் சரிக்கட்டும். அதற்குமேல் பெரிய இஞ்செக்டரும், திருத்திய கணக்குள்ள மின்மூளையும் வேண்டும்.

பாகங்களைப் பற்றியும் கவலை உண்டு. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். நாட்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியின் தொட்டி துருப்பிடிக்கும். துத்தநாகமும் அலுமினியமும் அரிக்கும். சாதாரண ரப்பர் குழாய்களும் வாஷர்களும் ஊதி வெடிக்கும். அவற்றிற்குப் பதிலாக வைட்டான் போன்ற ரப்பர் வேண்டும். பழைய தொட்டியில் படிந்திருக்கும் அழுக்கை எத்தனால் கரைத்துக் கொண்டுவந்து வடிகட்டியை அடைத்துவிடும். இவற்றுடன் சட்டமும் இருக்கிறது. 1988ம் வருஷத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, பதிவுப் பத்திரத்தில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. எரிபொருள் இன்னதென்பதும் அவ்விவரங்களில் ஒன்று. விபத்து நேர்ந்தபின் இன்ஷூரன்ஸ்காரரிடம் வாதாடுவதைவிட முன்னதாகவே யோசிப்பது மேல்.

இத்துறையில் நமக்கு ஆசான் பிரேஸில் தேசம். 1973ல் எண்ணெய் விலை ஏறியதும் தவித்துப்போன அத்தேசம், 1975 நவம்பரில் எரிசாராயத் திட்டத்தைத் துவக்கியது. 1979ல் முழுச் சாராயத்தில் ஓடும் பியட் 147 கார் வெளிவந்தது. 1980களின் நடுவில் அங்கு விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பது சாராயக் கார்களே. ஆனால் எண்ணெய் விலை இறங்கிச் சர்க்கரை விலை ஏறியபோது, ஆலைக்காரர்கள் சர்க்கரையின் பக்கம் திரும்பினர். 1989லும் அதையடுத்தும் நிலையங்களில் சாராயம் கிடைக்காமல், அதை நம்பி வண்டி வாங்கியவர்கள் வரிசையில் நின்று வாடினர். ஜனங்களின் நம்பிக்கை அன்றே ஒழிந்தது. அது திரும்பியது 2003ல். எந்தக் கலவையிலும் ஓடும் கார் வந்த பிறகே. 2009ல் ஹோண்டா கம்பெனியார் அதே வகையில் சி.ஜி. 150 டைட்டன் மிக்ஸ் என்ற மோட்டார் சைக்கிளை அங்கு வெளியிட்டனர். தொட்டியில் எது அதிகம் என்பதை விளக்கால் காட்டும் ஏற்பாடு அதில் உண்டு. உஷ்ணம் 15 டிகிரிக்குக் குறைந்தால் எத்தனால் எளிதில் பற்றாது. ஆகவே குளிர்காலத்தில் நூற்றுக்கு 20 பங்காவது பெட்ரோல் இருக்க வேண்டும் என்று அவர்களே எச்சரித்தனர்.

இதன் பாடம் தெளிவு. பிரேஸில் ஜனங்களை வென்றது கட்டாயமன்று, தேர்ந்துகொள்ளும் உரிமையே. அங்கு வண்டிக்காரன் நிலையத்தில் நின்று, எத்தனால் விலை பெட்ரோல் விலையில் நூற்றுக்கு 70 பங்கிற்குக் கீழே இருந்தால் எத்தனாலையும், மேலே இருந்தால் பெட்ரோலையும் நிரப்பிக்கொள்கிறான். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடிய வண்டி எத்தனாலில் 35 கிலோமீட்டரே ஓடும் என்ற அனுபவத்திலிருந்து பிறந்த கணக்கு இது.

இந்தக் கணக்கை நமது சர்க்கார் ஜனங்களுக்குச் சொல்லவேண்டாமா? 20 பங்குக் கலவையிலேயே, அதற்கென அமையாத இரு சக்கர வண்டிகளில் மைலேஜ் நூற்றுக்கு 3 முதல் 4 பங்கு வரை குறையும் என்று 2021ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. ஆனால் லிட்டர் விலையில் அதற்கீடாகக் குறைவு செய்யப்படவில்லை. ஆலைகளிடமிருந்து வாங்கும் எத்தனாலின் விலை சுத்தம் செய்த பெட்ரோலின் அடக்க விலையைவிட ஏறிவிட்டதென்று 2025 ஆகஸ்டில் சர்க்கார் சமாதானம் கூறினர். அது உண்மையாகலாம். ஆயினும் தேச நன்மைக்கான செலவைக் கொத்தனாரின் சட்டைப் பையிலிருந்து சொல்லாமல் எடுப்பது நியாயமாகாது.

வேறொரு கணக்கும் உண்டு. அதே அறிக்கையின்படி, கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் கிடைக்கச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. ஒவ்வொரு கோடையிலும் ஆற்று நீருக்காக அண்டை ராஜ்யத்தாருடன் வழக்காடும் தமிழ்நாட்டார் இதை மறக்கலாகாது. மழை குறைந்தபோது, 2023 டிசம்பரில், கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் வடிப்பதைச் சர்க்காரே கட்டுப்படுத்த நேர்ந்தது. பிரேஸிலில் 1989ல் நேர்ந்ததன் சாயல் இதில் இல்லையா? பெட்ரோல் ஏற்காத, எத்தனால் ஒன்றையே நம்பிய வண்டிகள் லட்சக்கணக்கில் ஓடும் நாளில் இப்படி ஓர் உத்தரவு பிறக்குமாயின், அவ்வண்டிக்காரர்களின் கதி என்னவாகும்?

நாம் எத்தனாலுக்கு விரோதிகளல்லர். வெளிநாட்டு எண்ணெய்க்குப் போகும் பணத்தில் ஒரு பங்கு நமது உழவரிடம் சேருவது சுதேசியமே. நாம் கோருவன நான்கு. எந்தக் கலவையையும் ஏற்கும் வண்டிகளுக்கே ஊக்கம் அளிக்க வேண்டும். லிட்டரைக் கொண்டன்றி, ஓடும் தூரத்தைக் கொண்டு எத்தனாலுக்கு விலை விதிக்க வேண்டும். பழைய வண்டிகளுக்கு உகந்த குறைந்த கலவை பெட்ரோலும் நிலையங்களில் கிடைக்க வேண்டும். பழைய வண்டியை மாற்ற விரும்புவோருக்குப் பரீட்சை செய்து முத்திரையிட்ட பாகங்களும், பயிற்சி பெற்ற மெக்கானிக்குகளும், பதிவுப் பத்திரத்தைத் திருத்திக்கொள்ள எளிய வழியும் வேண்டும்.

இவற்றைச் செய்வாராயின், சர்க்கார் கட்டாயப்படுத்த வேண்டியதே இராது. ஜனங்கள் தாமாகவே எத்தனால் குழாயை நாடிப் போவார்கள். செய்யாமல் கலவையை மட்டும் உயர்த்திக்கொண்டே போவாராயின், பிரேஸில் ஜனங்கள் 1989ல் இழந்த நம்பிக்கையை நம்மவரும் இழப்பர். யந்திரம் கெட்டால் மெக்கானிக்கிடம் போகலாம்; நம்பிக்கை கெட்டால் எவரிடம் போவது?